சீனக் கடையில் எங்கள் குசினி

(நூற்றாண்டு விழாவையொட்டி உப்புவெளியில் நடைபெற்ற ஒன்றுகூடலில், வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவிகள் சார்பில் யாராவது பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி என்று சிதறியிருக்கும் ஒரே வகுப்புத் தோழிகள் நாங்கள் ஐந்து பேர் தொலைபேசியில் கூடிப் பேசினோம். யார் யார் எந்தப் பதவியில் இருக்கிறார்கள், யாருடைய பிள்ளை என்ன படித்தது என்பதை இந்த மலரின் மற்றப் பக்கங்கள் சொல்லும். நாங்கள் குசினியைப் பற்றிப் பேசுவது என்று முடிவெடுத்தோம். "நூறு வருஷக் கல்லூரிக்குக் கருவாட்டுக் கதையா?" என்று ஒருத்தி மட்டும் கேட்டாள். கடைசியில் அவள்தான் அதிகம் எழுதி அனுப்பினாள். ஆகவே இது ஐந்து பேர் எழுதி ஒருத்தி வாசிக்கும் உரை.

1983 ஆடிக்குப் பிறகுதான் எங்களில் பலர் வெளிக்கிட்டோம். சிலர் படிக்க, சிலர் கலியாணம் கட்டி, பெரும்பாலோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. இன்று ஸ்காபரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் பாரிஸின் லா ஷப்பல் வீதியிலும் தமிழ்க் கடைகள் வரிசையாக நிற்கின்றன. முருங்கைக்காய் முதல் வெற்றிலை வரை கிடைக்கிறது. நாங்கள் போய் இறங்கிய காலத்தில் அந்த வரிசை இல்லை. வெள்ளைக்காரரின் சுப்பர் மார்க்கெற்றில் மீன், சவர்க்காரக் கட்டிபோலச் சதுரமாக வெட்டி உறைய வைத்துக் கிடக்கும். தலை இல்லை, வால் இல்லை, என்ன மீன் என்று கேட்டால் விற்பவருக்கே அது வெறும் 'வெள்ளை மீன்'. விளைமீன் வேறு, பாரை வேறு, ஓரா வேறு என்று வாசலில் கூடையை இறக்கி வைத்துப் பேரம் பேசிய தாய்மாரின் பிள்ளைகள் நாங்கள். அந்தக் கட்டியைப் பார்த்து எங்களுக்கு வந்தது பசி அல்ல, ஒரு மாதிரியான அவமானம்.

அந்த நேரத்தில் எங்களைக் காப்பாற்றியது சீனக் கடைகள். ரொறன்ரோவில் ஸ்பதைனா அவெனியு, லண்டனில் ஜெராட் வீதி, பாரிஸில் பதின்மூன்றாம் வட்டாரம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் அப்போது அந்தக் கடைகளை நடத்தியவர்களில் அதிகமானோர் ஹொங்கொங்கிலிருந்தும் அதை அண்டிய குவாங்டொங் மாகாணத்திலிருந்தும் வந்த, கன்ரனீஸ் மொழி பேசும் மக்கள். அவர்களுக்கும் அரைகுறை ஆங்கிலம், எங்களுக்கும் அரைகுறை ஆங்கிலம். ஆனால் கடைக்கு வெளியே, பனி கொட்டும் நடைபாதையில் அடுக்கியிருந்த காட்போட் பெட்டிகளுக்கு மொழி தேவைப்படவில்லை. பயித்தங்காய், பாவற்காய், பீர்க்கங்காய், நீத்துப்பூசணி, கட்டுக்கட்டாகக் கங்குன். எங்களில் ஒருத்தி அன்று கங்குன் கட்டை முகத்தோடு அணைத்துக்கொண்டு நின்றாளாம். கடைக்கார அன்ரி அவளைக் கள்ளி என்று நினைத்திருக்க வேண்டும்!

பெயர்களை நாங்கள் பிறகுதான் கற்றோம். கங்குனுக்கு ஒங் சோய், பயித்தங்காய்க்கு டவ் கொக், நீத்துப்பூசணிக்கு டுங் க்வா. பாவற்காய்க்கு ஃபூ க்வா, அதாவது கசப்புக்காய். ஆனால் கசப்பு என்ற சொல்லுக்கு அவர்களிடம் துன்பம் என்றும் பொருள் இருப்பதால், பலர் அதைக் 'குளிர்ச்சிக்காய்' என்று மாற்றிச் சொல்வார்கள். பீர்க்கங்காயின் கதை இன்னும் நல்லது. அதன் பழைய பெயரின் முதல் அசை 'தோற்றுப்போ' என்ற சொல்லைப்போல ஒலிக்கிறது. எனவே கன்ரனீஸ்காரர் அதைச் சிங் க்வா, 'வெற்றிக்காய்' என்று ஆக்கிவிட்டார்கள். சிரிக்காதீர்கள். விளக்கை 'அணை' என்று சொல்லக்கூடாது, 'குளிரவை' என்று சொல் என்று எங்கள் அம்மம்மாமார் தலையில் குட்டியதும் இதே கணக்குத்தான்.

மீனுக்கு வருவோம். கன்ரனீஸ் வீட்டுச் சமையலில் முழு மீனை இஞ்சியோடு ஆவியில் வேகவைத்து, மேலே வெங்காயத்தாள் தூவி, சோயாச் சாறு விட்டு, கொதிக்கும் எண்ணெயைச் 'சர்' என்று ஊற்றுவார்கள். தலையும் வாலும் இருந்தால்தான் அது மீன். ஆகவே அவர்களுடைய கடையில் மீன் முழுதாகக் கிடக்கும், தொட்டியில் நீந்தும். நண்டு கால் அசைக்கும். இறால் தலையோடு இருக்கும். வாங்க வந்த கிழவி செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், விரலால் வயிற்றை அழுத்துவாள், பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்ததை எடுப்பாள். எங்கள் அம்மா எங்கே இங்கே வந்தா என்று தோன்றும். செதிலை எடுங்கள், தலையை விடுங்கள் என்பதைக் கையாலேயே சொல்லப் பழகினோம். தலை இல்லாமல் குழம்பு வைப்பதைவிடப் பருப்போடு சாப்பிட்டுப் படுக்கலாம் என்பது எங்கள் ஐவரின் ஏகமனதான கருத்து.

கருவாடும் அங்கே இருந்தது. அவர்கள் ஹாம் யூ என்பார்கள். அதில் இரண்டு விதம். ஒன்று, உப்பிடுவதற்கு முன் சற்றுப் புளிக்கவிட்டது, மெத்தென்று மணமாக இருக்கும். மற்றது நேரே உப்பிட்டுக் காயவைத்தது, இறுகிய சதை. இரண்டாவதுதான் எங்கள் கத்தரிக்காய்க் குழம்புக்குச் சரிவந்தது. காய்ந்த இறால் ஹா மை. அதை இடித்தால் சம்பலுக்கு மாசி இல்லாத குறை பாதி தீரும். பாதிதான். பொய் சொல்லக்கூடாது.

மாவில் கவனம் வேண்டும். தாய்லாந்திலிருந்து வரும் இரண்டு பைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், படம் ஒன்று, நிறம் வேறு. ஒன்று சாதாரண அரிசி மா; வறுத்து, அவித்த கோதுமை மாவோடு கலந்தால் பிட்டு உதிரும். மற்றது பசையரிசி மா. அது அவர்களுடைய வருடப்பிறப்புப் பலகாரத்துக்கு உரியது. அதில் பிட்டு அவித்தால் சுவரொட்டி ஒட்டலாம். புதிதாக வந்த ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணுக்கும் நாங்கள் சொல்லிக்கொடுத்த முதற்பாடம் இது. சிவப்பு அரிசி மா அன்று எங்கும் இல்லை. வெள்ளைப் பிட்டையே விளக்கை மங்கலாக்கிச் சாப்பிட்டோம்.

இப்போது சுறாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோழி ஒருத்திக்கு ரொறன்ரோவில் மாசி மாதக் குளிரில் முதற்பிள்ளை பிறந்தது. கணவருக்கு இரவு வேலை. அம்மா திருகோணமலையில்; கடிதம் வரவே வாரக்கணக்கு, தொலைபேசி என்றால் நகரத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். ஊரில் என்றால் அரைத்த சரக்குக் கறியும், பால் சுரக்கப் பால்சுறாவில் வறையும் நேரத்துக்கு நேரம் வந்திருக்கும். அவளோ வைத்தியசாலையில் கொடுத்த குளிர்ந்த சான்விச்சைச் சாப்பிட்டுவிட்டு, பால் போதவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள். மேல் மாடியில் ஒரு கன்ரனீஸ் பாட்டி இருந்தா. பிள்ளை அழும் சத்தம் கேட்டு இறங்கி வந்தா. அடுத்த நாள் ஒரு சட்டியோடு வந்தா. பன்றிக்கால், முட்டை, ஒரு கை நிறைய இஞ்சி, எல்லாம் கறுத்த இனிப்பு வினிகரில் மணிக்கணக்காகக் கொதித்தது. பிள்ளை பெற்றவளுக்கு அவர்கள் கொடுக்கும் பத்தியம் அது. எங்கள் தோழி பன்றி சாப்பிடாதவள். முட்டையையும் இஞ்சியையும் எடுத்துச் சாப்பிட்டாள். பாட்டிக்கு விளங்கிவிட்டது. மறுநாள் பப்பாசிக்காயும் மீனும் போட்ட வெள்ளைச் சாறு வந்தது. அதுவும் பால் சுரக்கத்தான்.

அதன்பிறகு எங்கள் தோழி ஒரு தாளில் சுறாவின் படத்தைக் கீறி, வீட்டுக்காரரிடம் கொடுத்து ஸ்பதைனாவுக்கு அனுப்பினாள். முதுகுச் செட்டையைப் பெரிதாகக் கீறியதால் கடைக்காரர் செட்டை வேண்டும் என்று நினைத்து விலையுயர்ந்த பெட்டியைத் திறந்தாராம். கடைசியில் ஒரு முழம் நீளக் குட்டிச் சுறா வந்து சேர்ந்தது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, பிழிந்து, உள்ளியும் மிளகும் தேங்காய்ப்பூவும் சேர்த்து வறுத்தாள். தேங்காய்ப்பூ என்றால் கேக்குக்குப் போடும் காய்ந்த பூ, வெந்நீரில் ஊறவைத்தது. கறிவேப்பிலை இல்லை. "ஊர் வறையில் பாதிதான், ஆனால் அழுகை நின்றது" என்று எழுதியிருக்கிறாள். யாருடைய அழுகை என்று எழுதவில்லை.

லண்டன்காரிக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரித் தீர்ந்தது. அங்கே மீன் பொரித்து விற்கும் கடைகளில் 'றொக் சமன்' என்று ஒன்று விற்பார்கள். பெயரில் சமன் இருக்கிறதே தவிர அது தோல் உரித்த சின்னச் சுறா. பாரிஸிலும் அதேபோல 'சோமொனெத்'. சுறா என்றால் வெள்ளைக்காரருக்கு அருவருப்பு, அதனால் பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். பீர்க்கங்காய்க்கு வெற்றிக்காய் என்று பெயர் வைத்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். பெயரை நம்பியிருந்தால் எங்களுக்கு அது கிடைத்திராது. தட்டில் வந்த துண்டின் நடுவில் முள்ளுக்குப் பதிலாகக் குருத்தெலும்பைக் கண்டுதான் அவள் பிடித்தாள்.

இந்த இடத்தில் எங்கள் மனையியல் ரீச்சரை நினைக்காமல் இருக்க முடியாது. பாடப் புத்தகத்தில் கஸ்ரட் புடிங் இருந்தது. ரீச்சரின் சீலைப் பையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் இருந்தன. கண்ணை மூடு, கசக்கி மணந்து சொல், என்ன இலை? தவறினால் அடி இல்லை. அந்த இலையைக் கழுவி நறுக்கும் வேலை. கஸ்ரட் புடிங்கை நாங்கள் யாரும் பிறகு செய்யவில்லை. கசக்கி மணந்து பார்க்கும் பழக்கம்தான் முப்பது நாற்பது வருடம் எங்கள் வீடுகளுக்குச் சோறு போட்டது.

அந்தச் சீனக் கடைகள் எங்களுக்காகக் காத்திருந்ததுபோல நாங்கள் அன்று நினைத்தோம். அவை எப்படி அங்கே வந்தன என்று அறிந்தது பின்னால்தான். கனடாவுக்குள் புதிதாக வரும் சீனருக்கு 1885இல் தலைவரி விதித்தார்கள், ஆளுக்கு 50 டொலர். 1903இல் அது 500 டொலராயிற்று. 1923இல் சட்டம் போட்டுக் கதவையே மூடினார்கள். 1947 வரை அது மூடியே கிடந்தது. மனைவியை, தாயை அழைக்க முடியாமல் ஆண்கள் தனியே கிழவராகிப் போனார்கள். ஊரிலிருந்து கப்பலில் வந்தவை காய்ந்த மீன், காய்ந்த காளான், காய்ந்த தோடம்பழத் தோல். பச்சையாக எதுவும் வராது. வந்தாலும் எப்படிச் சமைப்பது என்று சொல்ல வீட்டில் பெண்கள் இல்லை. 1986 ஆவணியில் எங்கள் ஆட்கள் 155 பேர் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து கரைசேர்ந்தபோது, ஸ்பதைனாவில் பயித்தங்காய் இருந்தது என்றால் அதற்குப் பின்னால் நூறு வருடப் பட்டினி நாக்கு ஒன்று இருந்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கியது அதையும் சேர்த்துத்தான்.

அவர்களுடைய நாக்குக்கு நம்முடைய கடலும் உணவு அனுப்பியிருக்கிறது. கடலட்டையைச் சொல்கிறோம். நாங்கள் யாரும் சாப்பிடுவதில்லை, தொடவும் மாட்டோம். சுழியோடிகள் கொண்டுவந்து, வயிற்றைக் கீறி, அவித்து, மணலில் புதைத்து மேல் தோலை அழுகவிட்டு, கழுவி, மறுபடி அவித்துக் காயவைப்பார்கள். காய்ந்து சுருங்கினால் ஈர நிறையில் பத்தில் ஒன்றுகூட மிஞ்சாது. சின்ன வயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன அந்தக் கறுத்த துண்டுகளை ரொறன்ரோவில் கண்ணாடிச் சாடியில், பூட்டுப் போட்ட அலுமாரியில் கண்டோம். விலையைப் பார்த்து, நகைக் கடையோ என்று திகைத்தோம். ஹோய் சாம் என்பது அதன் பெயர். கிட்டத்தட்ட அதே ஒலியில் 'மகிழ்ச்சி' என்றும் ஒரு சொல் இருப்பதால் வருடப்பிறப்பு விருந்தில் அதை விரும்பி வைப்பார்கள். கடைக்கார அன்ரிக்கு, இது எங்கள் ஊரில் பிடிப்பது என்று நாங்கள் சொன்னபோது, அவ முதல் தரமாக எங்களை நிமிர்ந்து பார்த்தா. எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டா. சமைப்பதில்லை என்றோம். நம்பவேயில்லை.

சீனன்குடா என்ற பெயரை நாள்தோறும் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெயருக்கு ஒரு முகம் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அங்கே நிற்கும் பிறிமா மா ஆலைகூடச் சிங்கப்பூர் நிறுவனத்தினுடையது. அந்த மாவில்தான் இந்த ஊரின் பாணும் ரொட்டியும் பாதிப் பிட்டும்.

கிடைக்காதவையும் உண்டு. கறிவேப்பிலை பல காலம் சூட்கேசில் ஒளித்து வந்தது. சிட்னிக்காரிக்கு அதுவும் இல்லை, அவ்வளவு கெடுபிடி. சாடியில் ஒரு கன்றை வளர்த்து மூத்த பிள்ளையைப்போல் பார்த்தாள். ரம்பை உறைந்த பெட்டியில் வந்தது. முருங்கையிலையைப் பிலிப்பைன்ஸ் கடையில் கண்டோம். அவர்கள் அதை மலுங்காய் என்பார்கள், காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தோம். ஒடியல் மாவுக்கு மட்டும் மாற்றே இல்லை. மரவள்ளி மா, சோள மா, எல்லாம் போட்டுக் கூழ் என்று பெயர் வைத்து ஏமாற்றலாம். ஒடியலின் அந்த மெல்லிய கைப்பு எந்தக் கடையிலும் இல்லை. தபாலில் அம்மா அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அடுத்தது எருமைத் தயிர். தம்பலகாமத்திலும் மூதூரிலும் இருந்து வரும் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். கிரேக்கத் தயிர் கிட்ட வரும் என்பார்கள். வராது.

இவ்வளவும் பழங்கதை. இன்று எங்கள் வீட்டுக்கு ஐந்து நிமிடத்தில் தமிழ்க் கடை. சுறா வறைகூடச் சமைத்து, பெட்டியில் போட்டு விற்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பெட்டியின் பெயரை வாசித்து வாங்குகிறார்கள். ஆனால் முழுச் சுறாவைக் காட்டினால் தெரியாது. வல்லாரையும் பொன்னாங்காணியும் கலந்து வைத்தால் பிரிக்கத் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை. நாங்கள் தேடித் திரிந்த காலத்தில் அவர்களுக்குப் படிப்பு இருந்தது. எங்களுக்கு இரண்டு வேலை இருந்தது. அடுப்படியில் கூட நிற்க வைத்துச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கவில்லை. மேல் மாடிப் பாட்டி காலமாகிவிட்டா. அவவுடைய மகள் அண்மையில் எங்கள் தோழிக்குத் தொலைபேசி எடுத்தா. பேத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, அந்த இஞ்சி வினிகரில் அம்மா எவ்வளவு இஞ்சி போட்டா, முதலில் வதக்கினாவா, உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டா. ஒரு கன்ரனீஸ் குடும்பத்துப் பத்தியத்தின் அளவை அறிந்த கடைசி ஆள் திருகோணமலைப் பெண் ஒருத்தி. தோலைச் சீவி, தட்டி, வெறுஞ் சட்டியில் ஈரம் போக வதக்கினா, இரண்டு கை நிறைய, என்று இவள் சொன்னாளாம். அன்று இரவு தன்னுடைய அம்மாவின் சரக்குக் கறிக்கு எத்தனை பங்கு மல்லி, எத்தனை பங்கு மிளகு என்று எழுத உட்கார்ந்தாள். எழுத முடியவில்லை. அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம்.

அதனால்தான் இங்கே வந்தோம். வாசல் மேசையில் ஒரு தடித்த கொப்பி வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகுமுன் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். கேக், புடிங் வேண்டாம், அவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் மட்டும் இருப்பது, பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சல்காரனுக்கு, விரதம் முடித்தவருக்கு, செத்த வீட்டுக்கு மூன்றாம் வீட்டிலிருந்து போனது, அப்படியானவை. எந்த ஊர், யாரிடம் கற்றது என்று எழுதுங்கள். தம்பலகாமத்துக் கை வேறு, குச்சவெளிக் கை வேறு. 'கைப்பிடி' என்று எழுதினால் யாருடைய கை என்றும் எழுதுங்கள். பொருளை எப்படி அடையாளம் காண்பது, என்ன நிறம், என்ன மணம், கெட்டது எப்படித் தெரியும் என்பது முக்கியம், ஏனென்றால் வாசிக்கப்போகிறவள் அதை வேறு பெயரில் விற்கும் ஊரில் இருப்பாள். எண்பது தாண்டிய அக்காமார் எழுத வேண்டாம், சொன்னால் போதும். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் பேனாவோடு இருக்கிறார்கள்.

முதற்பக்கத்தில் சுறா வறையை நாங்களே எழுதிவிட்டோம். மஞ்சளை அவிக்கும்போது போடுவதா வறுக்கும்போதும் போடுவதா என்பதில் எங்கள் ஐந்து பேருக்கும் இணக்கம் இல்லை. அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் நிரப்பலாம். சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வரவும்.